பட்டியலில் விட்ட வீடு

1. ஆறு வாரமாக எனக்கு இருமல் நிற்கவில்லை.
2. எக்ஸ்ரேயில் நுரையீரலில் ஒரு நிழல் தெரிந்தது.
3. சளியில் காசநோய்க் கிருமி இருந்தது.
4. ஜெர்மனியில் நான் படிக்கும் கார்ல்ஸ்ரூஹே நகரில் மருத்துவமனைத் தனியறையில் சேர்த்தார்கள்.
5. மறுநாளே நகரச் சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு யாழ்ப்பாணத்து அக்கா வந்தார்.

முகக்கவசத்துக்கு மேலே அவருடைய கண்கள் மட்டும் தெரிந்தன. எதையும் பென்சிலால்தான் எழுதினார். எழுதிய ஒவ்வொன்றையும் என் பக்கம் திருப்பி, சரியா என்று கேட்டார்.

என்னோடு மூடிய அறையில் நெடுநேரம் இருந்தவர்கள் யார் யார் என்பது அவருக்குத் தெரியவேண்டும். ஆய்வகம், ஜெர்மன் வகுப்பு, விடுதி என்று பதினொரு பெயர்களை அட்டவணையாகக் கொடுத்தேன்.

“ஞாயிற்றுக்கிழமையில ஆரின்ட வீட்டில சாப்பிடுறனீங்கள்?”

“நானே சமைச்சுப்பேன்க்கா.”

“ஓம், இஞ்ச வந்து படிக்கிற பிள்ளையள் எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுறவை.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “ஒரு தமிழ்க் குடும்பம் இருக்குக்கா. கைக்குழந்தை இருக்கு. விஷயம் தெரிஞ்சா என்னை வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டாங்க.”

“குழந்தை இருக்கிறபடியால்தான் கேக்கிறன், தங்கச்சி. உங்கட பேரை நான் ஆருக்கும் சொல்லமாட்டன். நாளைக்கே பிள்ளையை டொக்டர் பாக்கிறதுக்கு டெர்மின் எடுப்பன்.”

பன்னிரண்டாவதாக அந்த வீட்டைச் சொன்னேன். எழுதி, என் பக்கம் திருப்பினார். சரி என்றேன்.

துல்லியமாக வேலை செய்பவள் என்று என்னைப் பற்றி எனக்கொரு பெருமை உண்டு. இப்போது அதைவிடப் பெரிய பெருமை, என் மொழி பேசும் ஒருவர் அந்தச் சுகாதார அலுவலகத்தில் இருக்கிறார் என்பது.

எனக்கு நோய் குணமாகிவிட்டது. முன்கூட்டியே மருந்து கொடுத்ததால் குழந்தைக்கு அது வரவே இல்லை.