எடுத்துவிட்ட ஒரு கவிதை

கவிதைக்காக மட்டுமே அந்தப் பட்டறைக்குப் போனேன் என்று சொன்னால் அது பொய். சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணித்தியாலம், மின்விசிறிக்குக் கீழே, யாரும் என்னிடம் எதுவும் கேட்காத ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கலாம் என்பதற்காகவும்தான் போனேன்.

எங்கள் வீடு கல்லடியில். நான் கணிதம் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் கதிரவெளிப் பக்கம். விடிய ஐந்து மணிக்குப் படியிறங்கி, பாலம் கடந்து பட்டணத்துக்குப் போய், வடக்கே போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். போக இரண்டு மணித்தியாலம். வருவதற்கு அதைவிடக் கூட. இடமாற்றம் கேட்டு எழுதி எழுதி அலுத்துவிட்டது. என் கணவர் மேசன். நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு வீட்டு வேலையில் நின்றபோது பாரிசவாதம் வந்து விழுந்தார். வலது கையும் காலும் செயலற்றுப் போயின. பகலில் பக்கத்து வளவிலிருக்கும் மச்சாள், அதாவது அவருடைய தங்கை, வந்து பார்த்துக்கொள்வாள். நான் வீட்டுக்கு வந்த பிறகு குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, சோறு கொடுப்பது எல்லாம் என் வேலை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்த நாட்களில் கொப்பியில் எழுதத் தொடங்கினேன். முதலில் அன்றாடச் செய்திகள் போலத்தான் இருந்தன. பிறகு வரிகள் குறுகின. நான்கு வருடத்தில் நான்கு கொப்பிகள். யாருக்கும் காட்டவில்லை.

பட்டறை நடந்தது ஒரு நூலகத்தின் மேல்மாடி அறையில். நடத்தியவர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், விரிவுரையாளர். வந்த ஏழு பேரும் அவரை ‘மிஸ்’ என்றே கூப்பிட்டோம். அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒருவர் கவிதையை வாசிப்பார். மற்றவர்கள் தாங்கள் கேட்டது என்ன என்பதை மட்டும் சொல்வார்கள். நல்லது, கெட்டது என்ற பேச்சே அதற்குப் பிறகுதான். எழுதியவர் அதுவரை வாய் திறக்கக் கூடாது. எனக்கு அது வசதியாக இருந்தது. வாரம் முழுவதும் வகுப்பில் கத்திவிட்டு வருகிறவளுக்கு வாய் மூடியிருப்பதே ஓய்வு.

முதல் நாள் நான் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது மற்றவர்கள் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வெட்கத்தில் எழுந்து போகப் பார்த்தேன்.

“இருங்க டீச்சர், தேத்தண்ணி ஒண்டு குடிச்சிட்டுப் போங்க” என்றார் காத்தான்குடியிலிருந்து வந்த ஒருவர். “நாங்க மெதுவாத்தான் கதைச்ச. மிஸ்தான் எழுப்ப வேணாம் எண்டு சொன்னா.”

ஐம்பது வயதைத் தாண்டியவர். கட்டாரில் பல வருடங்கள் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்துவிட்டு வந்து, இப்போது சிறிய துணிக்கடை வைத்திருக்கிறார். அண்ணன் முறையில் நான் அவரை நானா என்பேன். கணினியில் தமிழ் வேகமாக அடிப்பார். என் கையெழுத்துக் கொப்பிகளை வாங்கிக்கொண்டுபோய், கடையில் ஆள் வராத நேரங்களில் ஒவ்வொன்றாக அடித்துத் தந்தவர் அவர்தான். எத்தனையோ முறை வேண்டாம் என்றேன். “எனக்கும் இது படிக்கக் கிடைக்குதுதானே” என்று முடித்துவிட்டார்.

ஐந்தாவது மாதம் நாற்பத்து மூன்று கவிதைகள் தேறின. அவற்றை ஒழுங்குபடுத்த, தாள்களை அறைத் தரையில் பரப்பினோம். மின்விசிறி அவற்றைப் பறக்கடித்ததால் அதை நிறுத்திவிட்டு வியர்வையோடு குனிந்து நின்றோம். எல்லாருக்கும் பிடித்தது ஒரே கவிதைதான். என் கணவரைக் கிணற்றடியில் கதிரையில் இருத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், தன்னை அறியாமல் அவருக்கு மலம் கழிந்துவிட்டது. அவர் அழுதார். நான் தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டேயிருந்தேன். அதைப் பற்றியது. பனிச்சங்கேணிப் பாலத்தில் பஸ் பழுதாகி நின்ற அரை மணித்தியாலத்துக்குள் ஒரு வரியும் வெட்டாமல் எழுதியது. அதை வாசித்த அன்று அறையில் இரண்டு பேர் அழுதார்கள். தொகுப்பின் நடுவில் அதுதான் நிற்க வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள்.

மிஸ் மட்டும் தாள்களுக்கு நடுவே நீண்ட நேரம் நின்றார்.

“டீச்சர், ஒண்டு கேக்கலாமா? எல்லாக் கவிதையிலயும் அவர் இருக்கார். ஆனா ஒரு இடத்திலயும் கதைக்கல்லயே?”

“அவருக்குக் கதை வராது” என்றேன் உடனே.

சொன்ன பிறகுதான் அது உண்மையில்லை என்று உறைத்தது. பேச்சு வந்து மூன்று வருடமாயிற்று. சொற்கள் கொஞ்சம் குழறும், அவ்வளவுதான். நாள் முழுக்க மச்சாளோடு கிரிக்கெட்டும் அரசியலும் பேசுகிறவர் அவர். என் கொப்பிகளில் மட்டும் ஊமையாகக் கிடந்தார். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனையும் சுமக்கிறவளிடம் இதையும் கேட்க வேண்டுமா என்று நினைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. சமையல் முடித்து, உலையை இறக்கி வைத்துவிட்டு, தாள்களை எடுத்துக்கொண்டு அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“இது என்ன?”

“நான் எழுதினது. வாசிக்கட்டா?”

“வாசி கா” என்றார். பெண்டுகளைக் கூப்பிட எங்கள் ஊரில் அந்தக் ‘கா’ போதும்.

அவர் விழுந்த நாளைப் பற்றிய கவிதையை முதலில் வாசித்தேன். சாந்து காய்ந்த கரண்டி அவர் கையை விட்டு விழுவதாக அதில் ஒரு வரி உண்டு. அவர் இடது கையை உயர்த்தி நிறுத்தினார்.

“கையில கரண்டி ஒண்டும் இருக்கல்ல. நான் தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இருந்தன்.”

“தேத்தண்ணியா?”

“ஓம். சீனி காணாது எண்டு சொல்லிக்கிட்டு இருந்தன். அதுக்குள்ள வாய் இழுத்துட்டு.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அவரும் சிரித்தார். நான்கு வருடத்தில் அந்த நாளைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. அப்படியே பத்துப் பன்னிரண்டு கவிதைகள் போயின. சிலதில் திருத்தம் சொன்னார். சிலதுக்கு ‘ம்’ என்றார். நான் பேனையை எடுத்து ஓரத்தில் குறித்துக்கொண்டேன். பிறகு அந்தக் கிணற்றடிக் கவிதை வந்தது. நான் அதைத் தாண்டிப் போயிருக்கலாம். வாசித்தேன்.

முடித்ததும் அவர் சுவர்ப் பக்கம் பார்த்தார்.

“இத எத்தின பேர் கேட்டவங்க?”

“ஏழு பேர்.”

“ஆம்பிளைகளும் இருந்தவங்களா?”

“ஓம்.”

“அத எடுத்துரு.”

“அது நான் எழுதினது.”

“அது என்ட உடம்பு கா.”

எழுந்து போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்தேன்.

அந்தக் கிழமை முழுவதும் பஸ்ஸில் எழுதவில்லை. எனக்குள் வழக்கு நடந்துகொண்டிருந்தது. தண்ணீர் அள்ளியது என் கை. முதுகு பிடித்துக்கொண்டது எனக்கு. அந்தப் பின்னேரம் எனக்கும் சொந்தமில்லையா? இதையும் விட்டுக்கொடுத்தால் என்னிடம் என்ன மிஞ்சும்? இப்படியெல்லாம் கேட்டுப் பார்த்தேன். ஆனால் அன்று அவர் சுவர்ப் பக்கம் திரும்பிய விதம் கண்ணுக்குள்ளேயே நின்றது. கிணற்றடியில் அழுதபோதும் முகத்தை அப்படித்தான் திருப்பியிருந்தார்.

சனிக்கிழமை பட்டறையில் நடந்ததைச் சொன்னேன். ஒருவர், பெயர் எதுவும் போடவில்லைதானே, யாருக்குத் தெரியும் என்றார். மிஸ் யோசித்துவிட்டு, முடிவு என்னுடையது என்றும், எதைச் செய்தாலும் தாங்கள் கூடவே நிற்பதாகவும் சொன்னார். நானா தான் கொண்டுவந்திருந்த மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“கட்டார்ல ஒரு அறையில எட்டுப் பேர் படுத்த நாங்க. நான் நித்திரையில கிடக்கக்குள்ள ஒருத்தன் படம் எடுத்துப் பேஸ்புக்கில போட்டுட்டான். நல்ல படம்தான். உழைப்பாளி எண்டு எழுதி, எல்லாரும் புகழ்ந்த. என்ட மனுசியும் பார்த்து அழுதிருக்கா. அவன் பிழையா ஒண்டும் செய்யல்ல. ஆனா என்ட வாய் திறந்து கிடந்திச்சு. என்னை ஒருக்கா கேட்டிருக்கலாம்.”



“எடுத்துருங்க நானா” என்றேன்.

“முழுசா அழிக்கவா?”

“ஓம். கொப்பியில இருக்கிறது போதும்.”

அவர் அழித்தார். தாள்கள் நாற்பத்திரண்டாயின. கிணற்றடிக் கவிதையின் இடத்தில் வேறு எதையும் வைக்கத் தோன்றவில்லை. ஆனால் அடுத்த மூன்று மாதத்தில் பல கவிதைகள் மாறின. அவர் சொன்ன திருத்தங்கள் அவர் சொன்ன வார்த்தைகளிலேயே உள்ளே வந்தன. சீனி காணாத தேத்தண்ணியும் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிப்பது வழக்கமாயிற்று. சில நாள் அவருக்கு அலுத்துவிடும், “காணும் கா, ரேடியோவப் போடு” என்பார். அதுவும் ஒரு கவிதையில் இருக்கிறது.

கடைசிச் சனிக்கிழமை நானா எல்லாருக்கும் இனிப்பாக வட்டிலப்பம் கொண்டுவந்தார். அச்சடித்துக் கட்டிய பிரதியை மிஸ் கையில் வைத்திருந்தார்.

“ஒளிக்காமச் சொல்றன் டீச்சர். நடுவில ஒரு இடம் இறங்குது. முந்தி இருந்த பலம் இல்ல.”

“தெரியும் மிஸ்.”

“ஆனா இப்ப இதில ரெண்டு பேர் இருக்கீங்க.”

தலையாட்டினேன். அது ஆறுதலுக்குச் சொன்னதா, உண்மையா என்று தெரியவில்லை. இப்போதும் சில காலைகளில் பஸ் பனிச்சங்கேணிப் பாலத்தில் ஏறும்போது எடுத்துவிட்ட வரிகள் முழுதாக மனதுக்குள் ஓடும். அவை நல்ல வரிகள். அதை மறுக்க மாட்டேன். எடுத்ததற்காக வருந்துகிறேனா என்று கேட்டால், சில நாள் ஓம், சில நாள் இல்லை.

கவிதையை எடுத்துவிட்டதாக வீட்டில் சொன்னபோது அவர் ரேடியோச் சத்தத்தைக் குறைத்தார், அவ்வளவுதான். அடுத்த நாள் பின்னேரம் குளிப்பாட்டும்போது, “கொப்பியில இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்கு.”

“இருக்கட்டும்” என்றார்.

பிரதியைச் சிறிய பதிப்பகம் ஒன்றுக்கு அனுப்பினோம். அடுத்த வருடம் போடலாம் என்று பதில் வந்திருக்கிறது. என்னைப் பற்றி அரைப் பக்கமும் ஒரு படமும் கேட்டிருக்கிறார்கள். அடையாள அட்டைக்கு எடுத்ததைத் தவிர என்னிடம் வேறு படம் இல்லை. அரைப் பக்கத்தில் இரண்டு வரி எழுதியிருக்கிறேன். மீதியை இந்தக் கிழமை எழுத முடியாது, தவணைப் பரீட்சைத் தாள்கள் திருத்தக் கிடக்கின்றன.