உட்கார்ந்துவிட்ட தெரு

போன புதன்கிழமை, மழை விட்ட காலை. நெசவு மில்லுக்குப் பின்னால் இருக்கும் சந்துக்குள் நுழைந்தேன். அங்கே குடியிருக்கும் என் சிநேகிதர் ஆரோக்கியசாமி ஒரு மாதமாகக் கண்ணில் படவில்லை.

சந்தில் ஒரு ஆள்கூட இல்லை. ஈரமண்ணில் கால்தடங்கள் மட்டும். ஒரு பாதம் சாதாரணம். மற்றது... விரலே தெரியாத வட்டமான பள்ளம். யாரோ யானைக்கால்காரர் என்று நினைத்தேன். அடுத்த வாசலிலும் அதே தடம். அதற்கடுத்த வாசலிலும். எல்லாக் கதவும் சாத்தியிருந்தது.



ஆரோக்கியசாமி பாயில் இருந்தார். மில்லில் பேர் வாங்கிய நெசவாளி. என்னைக் கண்டதும் இடது காலை வேட்டியால் மூடிக்கொண்டார்.

“தறிகிட்ட நிக்க முடியலண்ணே. நிறுத்திட்டாங்க.”

“தெருவில் மற்றவர்கள்?”

“எல்லாருக்கும் இதுதான். வெளியில வர வெக்கம். விடியறதுக்குள்ள கடைக்கிப் போய்ட்டு வந்து கதவ சாத்திக்குவோம்.”

வீட்டுக்குப் பின்னால் சாக்கடை. அசையாத கறுப்புத் தண்ணீர். அதில் வளரும் கொசுதான் காரணம் என்று டாக்டர் சொல்லியாயிற்றாம்.

மறுநாள் அவரை வண்டியில் ஏற்றி நகரசபை ஆபீசுக்கு அழைத்துப் போனேன். சாக்கடையை மூடப் பணமில்லை என்றார் பிரெஞ்சுக்கார அதிகாரி.

ஆரோக்கியசாமி குரலை உயர்த்தவில்லை. “முசியே, எங்க தெருவுல பதினாலு பேரு தறியில நின்னோம். அந்தக் கூலியில அரிசி வாங்குனோம், வரி கட்டுனோம். இப்ப உக்காந்துட்டோம். ஆஸ்பத்திரி மருந்துக்குக் கைநீட்டறோம். சாக்கடைய மூட இதவிடவா அதிகம் ஆயிரும்?”

அதிகாரி அன்றைக்கே வந்து பார்த்தார். ஆரோக்கியசாமி கூப்பிட, கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பதின்மூன்று பேர் வாசலில் வந்து நின்று, வேட்டியை முழங்கால்வரை தூக்கினார்கள். அதிகாரி தொப்பியைக் கழற்றிக்கொண்டார் — சவ ஊர்வலம் போகும்போது கழற்றுவதுபோல.

எனக்குப் புரியாதது இதுதான். நோய் வந்த பிறகு ஆயுள் முழுக்க மருந்து கொடுக்கச் சம்மதிக்கும் சர்க்கார், வருமுன் நாலு வண்டி மண் கொட்ட ஏன் யோசிக்கிறது? ஒரு தேசம் ஏழையாவது இப்படித்தானோ... சத்தமில்லாமல், வீடு வீடாக, கதவைச் சாத்திக்கொண்டு?

சாக்கடை வேலையை அடுத்த வருஷ பட்ஜெட்டில் சேர்த்துவிட்டார்களாம். சொல்லிவிட்டு வரலாமென்று நேற்று ஆரோக்கியசாமி வீட்டுக்குப் போனேன். அவருடைய மகள் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். குளிர்காய்ச்சல், தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது. இந்த நோய் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

அடுத்த வருஷம் என்ற செய்தியை நான் சொல்லாமலே திரும்பிவிட்டேன்.