அபராதம் கட்டினால் முடிந்தது

நான் வேலையில் சேர்ந்த அன்று என் பணிப்பதிவேட்டை எழுதியவர், எங்கள் அலுவலக எழுத்தரான அவர்தான். எங்கள் குடும்பத்திலேயே முதலாவதான என் பட்டச் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்து மூன்று முறை திருப்பிப் பார்த்தார். அலுவலகத்தில் அவருக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர்.

அந்தக் கண் தன் வழக்கில் மட்டும் கொஞ்சம் அசந்துவிட்டது. கழிவுநீர்க் குழாய்த் தகராறில் பக்கத்து வீட்டுக்காரரின் கையைத் தட்டிவிட்டது உண்மை. ஆனால் இரும்புக் கம்பியால் அடித்ததாக வழக்கு. அடுத்த மேசைக்காரர் வலிய வந்து ஒரு வக்கீலைப் பிடித்துக் கொடுத்தார். வக்கீலோ வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதுபோலச் சொன்னார்: "குத்தத்த ஒத்துக்கங்க சார். அபராதத்தக் கட்டிட்டு மத்தியானமே ஆபீசுக்குப் போயிடலாம்."

தலையாட்டிவிட்டு வந்தவருக்கு மனசு ஆறவில்லை. பழைய கோப்பில் முன்னுதாரணம் பார்க்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாத மனிதர் அவர். விசாரணைக்கு முந்தின நாள் பதிவறையில் தேடினார். கிடைத்தது. அடிதடி வழக்கில் அபராதம் கட்டிய ஓட்டுநர் ஒருவரின் பணிநீக்க உத்தரவு. 'குற்றத்தைத் தாமே ஒப்புக்கொண்டதால் துறை விசாரணை தேவையில்லை' என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. எழுதிய கை அவருடையதேதான்.

இருபத்தொரு வருட வேலை, வரப்போகும் ஓய்வூதியம், எல்லாம் அந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருந்தது. நேரே அடுத்த மேசைக்குப் போய், வக்கீல் எப்படிப் பழக்கம் என்று கேட்டார். மச்சினனுக்குத் தெரிந்தவர் என்றது பதில்.

"சீனியாரிட்டி லிஸ்ட்ல எனக்கு அடுத்து யாரு?"

"உங்களுக்கு உதவி பண்ண வந்தேன் பாருங்கண்ணே, என்னச் சொல்லணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார் அடுத்த மேசைக்காரர்.

வீட்டில் அந்தச் சிரிப்பையே திருப்பித் திருப்பி ஆராய்ந்துகொண்டிருந்தார். மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"அந்த ஆளு நல்லவரா கெட்டவரான்னு அப்புறம் பாருங்க. நீங்க கம்பியால அடிச்சீங்களா?"

"இல்ல."

"அப்ப அடிச்சேன்னு எதுக்குச் சொல்லணும்?"

மறுநாள் நீதிபதி, குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா என்று கேட்டபோது, "இல்லைங்கய்யா, நான் கம்பியத் தொடவே இல்ல" என்றார். வக்கீல் வழக்குக் கட்டைப் பட்டென்று மூடினார். அதிலும் இவருக்கு ஒரு சந்தேகம்.

வேறு வக்கீல் வைத்திருக்கிறார். அவருக்கு அலுவலகத்தில் சொந்தக்காரர் யாரும் இல்லை என்பதை விசாரித்துவிட்டுத்தான் வைத்தார். வழக்கு இரண்டாவது வருடமாகச் சாட்சி விசாரணையில் நிற்கிறது. அது முடியாததால் இவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு அடுத்த மேசைக்காரருக்குப் போய்விட்டது. இவர் அதே மேசையில், அதே வேலையில் இருக்கிறார்.