ஐந்தரை மணிக்கு வந்தவருக்குப் பன்னிரண்டு மணிக்கு ரூம்

"உங்க வீட்ல யாராவது ஒரு நாளாவது ஹோட்டல்ல ரூம் போட்டுத் தங்கியிருக்காங்களாம்மா? அப்புறம் நீ எப்படி ஹோட்டல் ஓனர்களுக்கு யோசனை சொல்லுவே?"

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இண்டர்வியூவில் என்னைப் பார்த்து இப்படிக் கேட்டவர் ரமணன் சார். இன்றைக்கு என் மேனேஜர்.

"இல்ல சார்... கத்துக்கறேன்" என்றேன். காது சூடாகிவிட்டது. அப்பாவுக்கு ஆடுகோடியில் வெல்டிங் ஷாப்பில் வேலை. அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். காலேஜ் போன முதல் ஆளும் நான்தான். டை கட்டிய ஒருவரிடம் திட்டு வாங்கிய முதல் ஆளும் நானாகத்தான் இருக்கும்!

பத்திரிகையில் இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு — நான் வேலை பார்ப்பது ஒரு பட்ஜெட் ஹோட்டல் செயினில். கட்டடமும் கட்டிலும் ஓனருடையது. வாசல் போர்டும், பெட்ஷீட் கலரும், ரூல்ஸ் புத்தகமும் எங்களுடையது. பதிலுக்கு வாடகையில் எங்களுக்கு ஒரு பங்கு. மூன்று வருஷ ஒப்பந்தம். அது முடியும்போது ஓனர் வேறு செயினுக்கு ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

ஆனால் ஓடுகிறார்களே! ஏன்?

"கமிஷன். வேற என்ன?" என்பார் ரமணன் சார். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்... போன வாரம் வரைக்கும்.

போன வாரம் காக்ஸ் டவுனுக்குப் போனேன். சாமுவேல் அங்கிளின் ஹோட்டல். இருபத்திரண்டு ரூம், வாசலில் ஒரு வேப்பமரம். மாடிப்படிக்குக் கீழே பழைய பேப்பர் சுற்றி ஏதோ நீளமாகச் சாய்த்து வைத்திருந்தது.

"இது என்ன அங்கிள்?"

"புது போர்டும்மா. இந்த மாசத்தோட உங்க அக்ரிமெண்ட் முடியுதுல்ல? ஒண்ணாம் தேதி மாட்டணும்."

இதற்கு ஒப்பந்தம் போட்டது நான் இல்லை, அது நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால். ஆனால் நானே டிரெயினிங் கொடுத்த முதல் ஹோட்டல். இவர் போனால் என் பெயருக்கு எதிரே ஒரு சிவப்புக் கோடு.

"அவங்க கமிஷன் கம்மியா கேக்கறாங்களா?"

"உங்களவிட ஜாஸ்தி."

ஜாஸ்தியா? அப்புறம் எதற்கு மாறுகிறார்? அவர் காபி சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். நான் ரிசப்ஷனில் இருந்த விருந்தினர் ரிஜிஸ்டரை எடுத்துப் புரட்டினேன். பழைய ரிஜிஸ்டரையும் கேட்டு வாங்கினேன் — எங்கள் போர்டு வருவதற்கு முன்னால் எழுதியது.

பழையதில் ஒவ்வொரு பக்கமும் விடிகாலையில் ஆரம்பித்தது. ஐந்து பத்து. ஐந்து முப்பது. ஆறு. ஆம்பூர், திருப்பத்தூர், சேலம்...

புதியதில்? எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதல் பெயர் பன்னிரண்டு மணிக்கு மேல்தான்.

"அங்கிள், இப்பல்லாம் காலையில யாருமே வர்றதில்லையா?"

"வர்றாங்களே" என்று காபி டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

மறுநாள் விடிவதற்கு முன்னால் அப்பா என்னை மொபெட்டில் கொண்டுபோய் விட்டார். சோபாவில் பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்தேன். ஐந்தரைக்கு ஓர் ஆட்டோ. ஒருவர், அவர் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். பட்டுப் பாவாடைகளை ஹேங்கரோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

"சாமுவேல் சார் இல்லீங்களா? இந்த ஊருக்கு வந்து நாலு வருஷமாச்சு, வந்தா எப்பவும் இங்கதான் தங்குவோம். ஒரு ரூம் குடுங்க."

ரிசப்ஷனில் மஞ்சுநாத். நான் சொல்லிக்கொடுத்தபடியே புன்னகைத்தான். "ரூம் இருக்கு சார். செக்-இன் டைம் பன்னண்டு மணி. இப்பவே வேணும்னா ரெண்டு நாள் வாடகை ஆகும்."

"என்னங்க இது? ஒன்பது மணிக்கு சர்ச்சில கல்யாணம். பன்னண்டு மணிக்கு நாங்க பந்தியில இருப்போம்!"

"ரூல்ஸ் சார்."

அவன் தலைக்குப் பின்னால் ஆறு சாவிகள் சும்மா தொங்கின. அந்த அம்மாள் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி எதிர் லாட்ஜுக்கு நடந்தாள். அதன் வாசலில் பெயின்டில் எழுதியிருந்தது: 24 மணி நேர செக்-அவுட். எத்தனை மணிக்கு வருகிறீர்களோ அதிலிருந்து மறுநாள் அதே நேரம் வரைக்கும் ரூம் உங்களுடையது. நம் ஊர் லாட்ஜ்கள் காலங்காலமாகச் செய்வதுதான்.

மஞ்சுநாத் பாதிக் கன்னடத்தில் என்னைக் கேட்டான். "ஏன் மாடோது மேடம்? என்ன பண்றது? நீங்க சொல்லிக் குடுத்ததுதானே!"

"அங்கிள் எங்கே?"

"மாடியில. அஞ்சுலருந்து ஏழு வரைக்கும் இப்பல்லாம் கீழ இறங்கறதே இல்ல."

ஏறிப் போனேன். மொட்டைமாடியில் தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். ரோட்டைத் தாண்டிப் போன அந்தக் குடும்பத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினஞ்சு வருஷமாத் தெரிஞ்சவன்மா அவன். ரூமைக் காலியா வச்சுக்கிட்டு இல்லேன்னு எந்த மூஞ்சியோட சொல்றது? புது செயின்காரன் இருபத்துநாலு மணி நேரத்துக்கு ஒத்துக்கிட்டான். அவ்ளோதான் விஷயம்."

அவ்வளவுதான் விஷயம்! ஒரு மனுஷர் சொந்த ஹோட்டலில், சொந்த விருந்தாளிக்குப் பயந்து ஒளிந்துகொள்கிறார். கமிஷனைக் குறைத்தால் இது சரியாகிவிடுமா?

அப்போதுதான் எனக்கு வேலூர் ஞாபகம் வந்தது. அத்தைக்கு ஆபரேஷன் நடந்தபோது நாங்கள் ஒரு லாட்ஜில் தங்கினோம். காலை ஆறு மணிக்கு நுழைந்தோம். மறுநாள் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பலாம் என்றாள் அம்மா. அப்பா விடவில்லை. "இன்னும் கால் மணி நேரம் நம்ம வீடு இது" என்று கட்டிலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டார்.

இண்டர்வியூவில் "இல்ல சார்" என்றேனே... ஏன்? லாட்ஜில் தங்கியதெல்லாம் தங்கியதில் சேராது என்று எனக்கு நானே முடிவு கட்டியிருந்தேன். படித்த திமிர்!

அன்றைக்கே ஆபீசுக்கு ஓடினேன். ரமணன் சார் சிரித்தார்.

"ஃபைவ் ஸ்டார்லகூட பன்னண்டு மணி செக்-இன்தான் அமுதா. நம்ம கஸ்டமரும் முன்னேற வேண்டாமா?"

"ஃபைவ் ஸ்டாருக்குக் கார்ல வர்றாங்க சார். நமக்கு நைட் பஸ்ல வர்றாங்க."

"வரட்டுமே. லாபியில கொஞ்ச நேரம் உக்கார்றது ஒரு பெரிய விஷயமா?"

நான் விடவில்லை. இன்னும் மூன்று ஓனர்களிடம் போனேன் — போன வருஷம் எங்களை விட்டு மாறியவர்கள். "ஏன் போனீங்க?" என்று இதுவரை ஒருவரும் அவர்களைக் கேட்டதே இல்லையாம். மூன்று பேரும் காலை பஸ் கதையையே சொன்னார்கள். ரிஜிஸ்டர் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்தேன். ஒரே ராத்திரியில் எட்டுப் பக்கம் எழுதினேன். கை வலித்தது, ஆனால் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்! ஓனர்கள் கமிஷனுக்காக ஓடவில்லை. தன் வாசலுக்கு வந்தவரைத் தானே திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறதே, அதற்காக ஓடுகிறார்கள்.

எட்டுப் பக்கத்தையும் படித்துவிட்டு ரமணன் சார் பேனாவை மூடி வைத்தார். "எனக்கு நம்பிக்கையில்ல. ஆனா நீயே வந்து சொல்லு. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு சென்னை ஹெட் ஆபீஸ்ல மீட்டிங். ரெண்டு பேருக்கும் டிக்கெட் போடு. எனக்கு ரூமும் போட்டுடு — குளிச்சிட்டு, டை கட்டிட்டுப் போகணும்."

சாமுவேல் அங்கிளிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "வெள்ளிக்கிழமை வரைக்கும் போர்டுல சுத்தின பேப்பரைப் பிரிக்க மாட்டேன், போ" என்றார்.

டிக்கெட் போட்டுவிட்டேன். ரயில் விடிகாலை ஐந்து மணிக்கு சென்னை போய்ச் சேரும். ரமணன் சாருக்கு ரூமும் போட்டுவிட்டேன், எங்கள் செயின் ஹோட்டலிலேயே. செக்-இன் பன்னிரண்டு மணிக்கு. ஊழியர்களுக்கும் விதிவிலக்கு கிடையாது. அந்தப் பன்னிரண்டு மணி ரூல் சர்க்குலரில் கையெழுத்துப் போட்டிருப்பவரே அவர்தான். அவர் தமிழ்ப் பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

எனக்கா? அதே தெருவில் ஒரு லாட்ஜுக்கு போன் செய்து, என் பெயரில் ஒரு ரூம் சொல்லி வைத்திருக்கிறேன் — காலை ஐந்தரையிலிருந்து.