அக்காவை ‘ஷீ’ என்று சொன்ன நாள்

எறையூருக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில்தான் நான் இங்கிலீஷ் படித்தேன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய மெல்லிய இலக்கணப் புத்தகம், போனில் கொஞ்சம் வீடியோ, அவ்வளவுதான் எனக்கு வாத்தியார். பத்தாவதோடு நின்றவள், ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் ஆறு வருஷம்.

வாலிகண்டபுரத்தில் ஏறும் அக்காவுக்கு என் பக்கத்து சீட். எங்கள் தையல் லைனிலேயே மூத்தவர். நான் ‘ஐ, வீ, ஹீ, ஷீ’ என்று முணுமுணுத்தால் காது கொடுத்துக் கேட்பார்.

“என்னையச் சொல்லணும்னா எதுடி?”

“ஷீ, அக்கா.”

“அப்படின்னா?”

“அவ.”

“அடிப்பாவி! பதினெட்டு வயசு மூத்தவளப் போயி அவ இவங்கிற. மரியாதையா ஒண்ணும் இல்லியா அவங்க பாஷையில?”

தேடிப் பார்த்தேன். அவங்க என்பதற்கு ‘தே’ இருந்தது, ஆனால் அது நாலு பேருக்கு. எனக்கும் மூத்தவரை அவ என்று சொல்ல நாக்கு கூசியது. புத்தகம் கிடக்கட்டும் என்று அக்காவுக்கு ‘தே’ என்றே வைத்துக்கொண்டேன்.

அப்போது எங்களுக்கு ஒரு தலைவலி. ஷூவில் லேஸுக்கு அடியில் வருகிற நாக்கு, தைக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்; பெட்டி பெட்டியாகத் திரும்பி வரும். ஒருநாள் அக்கா தோலில் குறி போடுகிற சில்வர் பேனாவால் உள்துணியில் ஒரு புள்ளி வைத்து, அதற்கு நேராக ஊசியை இறக்கினார். நாக்கு நேராக நின்றது. ஒரே வாரத்தில் லைன் முழுக்கப் புள்ளி வைத்தது.

அதே சமயம் பஸ்ஸில் ஒரு பேச்சு. கை வேகம் குறைந்தவர்களை நிறுத்தப் போகிறார்களாம். புது லைனில் சேருகிறவர்களுக்கு வேலை பழக்கிக் கொடுக்க ஒருவரை எடுக்கப் போகிறார்களாம். அக்காவுக்கு முன்போல வேகம் இல்லை. அந்த வேலை கிடைத்தால் பிழைத்தார்; இல்லாவிட்டால் மறுபடி கரும்பு வெட்டத்தான் போக வேண்டும்.

ஷூ வாங்குகிற வெளிநாட்டு அம்மா ஒருவர் மேனேஜரோடு வந்தார். ஒரு ஷூவை எடுத்துப் புள்ளியைத் தடவிப் பார்த்து, இது யாருடைய யோசனை என்று இங்கிலீஷில் கேட்டார். எங்கள் சூப்பர்வைசர் நெஞ்சில் கை வைத்து, “ஐ, மேடம்” என்றார்.

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். என் கண்ணெதிரிலேயே நெய் ஊற்றினார்.

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார். நான் எழுந்தேன். வாயில் ‘தே’தான் வந்தது, விழுங்கிவிட்டேன். அதைச் சொன்னால் பெருமை லைன் முழுக்கப் பங்காகிப் போகும், அக்காவுக்கு மிஞ்சாது. விரலை நீட்டினேன்.

“நோ மேடம். ஷீ.”

“உக்காரும்மா” என்றார் சூப்பர்வைசர்.

உட்காரவில்லை. மேனேஜரைப் பார்த்து மறுபடி சொன்னேன். “ஷீ, சார்.”

மேனேஜர் அக்காவிடம் வந்து, செய்து காட்டச் சொன்னார். அக்கா புள்ளி வைத்தார், தைத்தார், கையில் கொடுத்தார். மேனேஜர் அதே பேனாவை சூப்பர்வைசரிடம் நீட்டினார். “நீங்களும் ஒண்ணு வச்சுக் காட்டுங்க.” அவருக்கு எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பேனாவை மூடுவதும் திறப்பதுமாக நின்றார்.

அடுத்த மாதமே அக்கா புது லைனுக்குப் போனார், பழக்கிக் கொடுக்க. சூப்பர்வைசர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, போகட்டும். நாலு வார்த்தை இங்கிலீஷ் எதற்கு உதவும் என்று யாராவது கேட்டால், எனக்கு இதுதான் பதில்.

அந்த வெளிநாட்டு அம்மா வந்துபோன அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் அக்கா என் தொடையில் ஓர் அடி வைத்தார்.

“அத்தனை பேரு முன்னாடி என்னைய ‘அவ’ன்னு சொல்லிட்டியாமே?”

“ஆமாக்கா. ரெண்டு தடவ.”

சிரித்தார்.

“அந்தாளு நெஞ்சுல கைய வச்சு ஒண்ணு சொன்னாராமே, அதச் சொல்லிக்குடுடி. அடுத்த தடவ நானே சொல்லிக்கிறேன்.”

“ஐ.”

“இவ்வளவுதானா?”

வாலிகண்டபுரம் வரும்வரை நெஞ்சில் கை வைத்து அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.