லாபிஸில் யாரும் தொடாத வடை

என் தங்கை தேன்மொழி பதினோரு ஆண்டுகள் விடியுமுன் பஸ் ஏறி சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் போய்வந்தவள். பிறகு அந்த வேலையை விட்டு, எங்கள் ஊர் குளுவாங் சந்தை வாசலில் பருப்பு வடைக் கடை போட்டாள். ஒவ்வொரு உருண்டையையும் தராசில் வைத்துப் பார்த்துத்தான் தட்டுவாள். நானே அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அடுத்து பக்கத்து ஊரான யோங் பெங்கிலும் ஒரு கடை வந்தது. பருப்பு அரைக்கத் தனியாக ஒரு கூடம் வாடகைக்கு எடுத்தாள். இரண்டு கடைக்கு அந்தக் கூடம் பெரிது. மூன்றாவது கடை அமையாவிட்டால் மாதக் கடைசியில் எல்லாவற்றையும் மூடிவிட்டு மறுபடி சிங்கப்பூர் பஸ்தான்.

அதனால் போன மார்ச்சில் லாபிஸ் பொது மண்டபத்தில் ஃபிரான்சைஸ் விளக்கக் கூட்டம் வைத்தாள். அவள் கடையின் பெயரில், அவள் அரைத்து அனுப்பும் பருப்பில், அந்த ஊர்க்காரர் ஒருவரே கடை நடத்தலாம். நான் நாற்பது நாற்காலி போட்டேன். நூற்றிருபது வடையைத் தட்டுகளில் அடுக்கினேன். பெயரும் தொலைபேசி எண்ணும் எழுத வாசலில் நோட்டு வைத்தேன்.

முப்பத்தொரு பேர் வந்தார்கள். எல்லாரும் கதவுப் பக்கமே உட்கார்ந்து, பையை மடியில் இறுக்கிக்கொண்டார்கள். தேன்மொழி பேசி முடித்து, "சாப்பிடுங்க" என்றாள். ஒரு கையும் நீளவில்லை. நோட்டைப் புரட்டினேன். மூன்று பேர் ஒரே எண்ணை எழுதியிருந்தார்கள். இன்னொருவர் எண்ணில் ஆறு இலக்கம்தான் இருந்தது.

ரயில் நிலையத்தருகே நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்கும் பேச்சியம்மாள் எழுந்தார்.

"நாலு வருசம் முன்ன டை கட்டின ஒருத்தன் இதே மண்டபத்துக்கு வந்தான். தண்ணி ஃபில்டர் ஏஜென்சி தர்றேன்னான். ஃப்ரீயா பிரியாணி போட்டான். சாப்பிட்டவங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. அப்புறம் அவனையும் காணோம், ஃபில்டரையும் காணோம். நீங்க வடை போடுறீங்க. சாமான் சின்னதாயிடுச்சு லா, அவ்வளவுதான்."

மண்டபமே சிரித்தது. தேன்மொழி சிரிக்கவில்லை.

"நீங்களும் சாப்பிட்டீங்களாக்கா?"

"ரெண்டு பிளேட்டு."

"அண்ணே," என்று என் பக்கம் திரும்பினாள். "வடைத் தட்டையெல்லாம் எடுத்து வேன்ல வைங்க. அங்க இருக்கிற அடுப்பையும் அரைச்ச பருப்பையும் வாசலுக்குக் கொண்டாங்க."

ஓர் அட்டையில் 'மூன்று வடை இரண்டு வெள்ளி' என்று விலை எழுதி மாட்டினாள்.

"ஃப்ரீயா ஒண்ணும் கிடையாது. வேணும்னா காசு குடுத்து வாங்குங்க. வாங்கினவங்க என்ன வேணும்னாலும் கேளுங்க."

காரியம் கெட்டது என்று நினைத்தேன். பேச்சியம்மாள்தான் முதலில் வந்தார். இரண்டு வெள்ளிப் பணத்தை நீட்டினார். சூடான வடையைப் பிட்டு, உள்ளே பார்த்து, மோந்து, பிறகுதான் வாயில் போட்டார்.

"உப்பு கம்மி."

"சரிக்கா. வேற?"

"பருப்பு புளிச்சு வந்தா?"

"திருப்பி அனுப்புங்க, அன்னிக்கே மாத்தித் தர்றேன். ஆனா நீங்க பழைய எண்ணெயில சுட்டா, போர்டை நானே வந்து கழட்டிருவேன்."

"அலமாக்! கடை குடுக்க முன்னயே மிரட்டுறியே பொண்ணு."

அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. காசு கொடுத்ததும் எல்லாருக்கும் வாய் திறந்தது. லாபிஸிலேயே இன்னொருவருக்கும் கடை கொடுப்பாயா, மழைக்காலத்தில் வடை ஓடுமா என்று துருவினார்கள். தெரிந்ததற்குப் பதில் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள்.

அன்று யாரும் கையெழுத்துப் போடவில்லை. நான் நாற்காலிகளை அடுக்கும்போது பேச்சியம்மாள் திரும்பி வந்தார். நோட்டில் தன் எண்ணை அடித்துவிட்டு வேறொன்று எழுதினார். அவர் எதிரிலேயே அந்த எண்ணுக்கு அழைத்துப் பார்த்தேன். அவர் பைக்குள் மணி அடித்தது.

"நம்பிக்கை இல்லையா தம்பி?"

"இல்லக்கா."

"எனக்கும் இல்ல. உங்க கூடத்தைப் பார்க்க வருவேன். எந்த நாளுன்னு சொல்ல மாட்டேன்."

ஐந்தாம் நாள் விடியுமுன் வந்து கதவைத் தட்டினார். தேன்மொழி பருப்புக் கழுவிக்கொண்டிருந்தாள். பேச்சியம்மாள் வாளிகளைத் திறந்து பார்த்தார். குனிந்து சாக்கடைத் துவாரத்தைப் பார்த்தார். கடைசியில் தராசைக் காட்டி, உருட்டி வைத்திருந்ததில் ஓர் உருண்டையை வைக்கச் சொன்னார். பிறகு இன்னொன்று. பிறகு தானே பாத்திரத்துக்குள் கையை விட்டு, அடியிலிருந்து ஒன்று எடுத்து வைத்தார்.

ஏழாவது உருண்டையும் அதே எடை காட்டியதும் கையைக் கழுவிக்கொண்டு என்னிடம் பேனா கேட்டார்.