வியர்த்துப்போன எருமைகள்

நிலத்தடித் தண்ணீர் தேடும் சர்வேயில் சேரும் பையன்கள் எல்லாருக்கும் கல் உடைக்கிற சுத்தியல் மேல்தான் கண். எனக்குக் கிடைத்தது நாடா. ஈயக்குண்டு கட்டிய அந்த நாடாவைக் கிணற்றுக்குள் விட்டு, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று மேலிருந்து கத்த வேண்டும். செகந்திராபாத் ரயில்வே காலனியில் பாதிப் படிப்போடு நின்றவனுக்கு இதுவே அதிகம் என்று அப்பாவே சொன்னார்.

எங்கள் ஆபீசர் தஞ்சாவூர்க்காரர். ஒரு கோடையில் இருவரும் நல்ல வறண்ட ஊர் ஒன்றுக்குப் போனோம். சர்க்கார் கிணறு அந்த ஊருக்கா, அடுத்த ஊருக்கா என்று அன்றைக்கு முடிவாக வேண்டும்.

ஊர்த் தலைவரான பட்டேல் எங்களைக் கிணறு கிணறாக அழைத்துப் போனார். எதில் விட்டாலும் குண்டு 'டொக்'கென்று கல்லில் விழுந்தது. ஒவ்வொரு டொக்குக்கும் பட்டேல் முகம் மலர்ந்தது. வறட்சியைக் காட்டினால்தான் கிணறு கிடைக்கும் என்பது அவர் நினைப்பு. சர்வே நினைப்பதோ நேர்மாறு. ஊரில் எங்குமே ஊற்று இல்லையென்றால் அடியில் வெறும் பாறை, வெட்டுவது வீண் என்று எழுதிவிடுவோம். ஆபீசர் பேனாவைத் திறந்தேவிட்டார். குடிக்க என்ன வழி என்று கேட்டதற்கு, பக்கத்து ஊரிலிருந்து சுமக்கிறோம் என்றார் பட்டேல்.

அந்த நேரம் பார்த்து அவருடைய எருமைகள் வந்தன. முதுகெல்லாம் இன்னும் காயாத ஈரம்.

"பட்டேல் சாப், எருமைங்களுக்கு ரொம்ப வேர்க்குதே. வைத்தியர்கிட்ட காட்டினீங்களா?" என்றேன்.

"நக்கோ பாய், வேண்டாம்," என்றார் மெதுவாக. "இருக்கிறதைக் காட்டினா யார் குடுப்பாங்க?"

ஆபீசர் பேனாவை மூடிவிட்டு, காட்டாவிட்டால்தான் கிடைக்காது என்று விளக்கினார். பட்டேல் நம்பவில்லை. அவர் மனைவி கேட்டுக்கொண்டே நின்றிருந்தாள். புருஷனைப் பார்த்துத் தெலுங்கில் சொன்னாள்: "தினம் நடக்கிறது என் காலு. நானே காட்டுறேன்."

விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். சோளக் கொல்லைகளைத் தாண்டி வெகு தூரம். பனையோலையும் சோளத்தட்டையும் போட்டு மூடிய கிணறு ஒன்று இருந்தது. அன்றைக்கு முதல்முறையாக நாடா நனைந்தது.

கிணற்றை ஒட்டி ஒரு கறுப்புக் கல் வரிசை நீளமாக ஓடியது. ஆபீசர் காம்பஸை எடுத்தார். "சுவர் மாதிரி தண்ணியத் தடுத்து நிறுத்துதுடா இது. வா, எங்க போவுதுன்னு பாப்போம்," என்றார். வரிசை ஓர் இடத்தில் மண்ணுக்குள் மறைந்து, மறுபடி தலைகாட்டி, கடைசியில் பட்டேல் வீட்டுக் கொல்லைக்கே வந்து சேர்ந்தது. வரிசைக்கு மேட்டுப்பக்கம், இதுவரை யாரும் வெட்டாத இடத்தில் முளை அடித்தோம்.

நாங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முளையைச் சுற்றிக் குடங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இன்னும் வெட்டவே இல்லையே என்றார் ஆபீசர்.

"தெரியும். இடம் போட்டு வெச்சிருக்கோம்," என்றாள் பட்டேல் மனைவி.

பிறகு வெட்டினார்கள். தண்ணீரும் வந்தது. நாடா பிடிக்க வரும் தம்பிகளே, ஊரில் கிணறு எங்கே என்று பெரிய மனிதரைக் கேட்காதீர்கள். குடம் போகிற வழியிலேயே போங்கள். நான் அப்படித்தான் போகிறேன். ஆபீசர் மட்டும், இவன் பொம்பளைகள் பின்னால் சுற்றுகிறான் என்று ஊரெல்லாம் சொல்கிறார். ரிப்போர்ட்டில் எழுதாத வரைக்கும் சரி.